மைனரின் மூக்கு

சனிக்கிழமை காலையில் மைனரைக் குளிப்பாட்டுவது செல்லக்கனியின் வேலை. குளித்துக் காய்ந்த மைனரைச் சாயங்காலம் தெருவில் நடத்திக் கூட்டிப்போவது அவள் கணவர் தங்கச்சாமியின் வேலை. முதல் வேலையில் சேலை நனையும், முழங்கை சிராய்க்கும், கொல்லைப்புறம் முழுக்கச் சோப்பு நுரையாகும். இரண்டாவது வேலையில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் நின்று, "என்ன அண்ணாச்சி, நாயா குதிரையா?" என்று கேட்பார்கள். வேலைப் பங்கீட்டில் அவர் எப்போதுமே கெட்டிக்காரர்.

மைனர் ராஜபாளையம் நாய். இந்த ஊரில் நாய்க்கு இலக்கணம் உண்டு. உடம்பு பால் வெள்ளை, காது மடிந்து தொங்க வேண்டும், வயிறு ஒட்டியிருக்க வேண்டும், மூக்கு ரோஜா நிறத்தில் இருந்தாக வேண்டும். மைனருக்கு எல்லாமே சரியாக இருந்தது. இரண்டு வயதானபோது மூக்கின் இடது ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. அது ஒன்றுதான்.

தங்கச்சாமி அந்தப் புள்ளியை ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் மண் ஒட்டியிருக்கிறது என்றார். பிறகு கொசுக்கடி என்றார். கொசுக்கடி ஆறு மாதம் இருக்காது என்று தெரிந்த பிறகு ஒன்றும் சொல்லாமல், தனக்கு வேர்க்குரு என்று மருந்துக் கடையில் ஒரு பாட்டில் கலாமின் வாங்கி வந்தார். ரோஸ் நிறத் தண்ணீர். நடைக்குக் கிளம்புமுன் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பஞ்சில் தொட்டு மைனரின் மூக்கில் வைப்பார். தெருமுனை திரும்புவதற்குள் மைனர் அதை நக்கி முடித்துவிடும். அதனால் பாட்டில் சட்டைப் பைக்குக் குடிபோனது. சட்டை துவைக்கிறவள் செல்லக்கனி. வேர்க்குரு யாருக்கு என்பது அவளுக்குத் தெரியும். கேட்டதில்லை.

இவ்வளவு பாடும் சஞ்சீவி ராஜாவுக்காக. பழைய குடும்பத்துக்காரர், பெரிய மனிதர். ஊரில் நாய் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் வீட்டுப் பெட்டை நாய் துளசிக்கு மைனரைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று தங்கச்சாமி ஒரு வருஷமாக அலைந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் கூட இப்படி அலைய மாட்டார்கள். "தை போகட்டும், நானே வந்து பாக்கறேன்" என்று ராஜா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தங்கச்சாமி அவரைச் சம்பந்தி என்றுதான் வீட்டுக்குள் குறிப்பிடுவார். வெளியே சொல்லத் தைரியம் இல்லை.

செல்லக்கனி பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்துச் சந்தில். அப்பா தையல்காரர். வெட்டிப்போட்ட துணியில் சாக்குக் கட்டியால் வரைந்து வரைந்து அவளுக்குக் கை திருந்தியது. பள்ளிக்கூடம் முடித்து அரசாங்கப் பரீட்சையில் டிராயிங் லோயர் பாஸ், ஹையர் பாஸ். டிராயிங் டீச்சர் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். "பொண்ணு நல்லா படம் போடுவா" என்று அப்பா சொன்னதற்கு, "அதுக்கென்ன, கடைக்கு ஒரு போர்டு எழுதணும்" என்று மாமனார் சொன்னார். எழுதினாள். அதற்குப் பிறகு இருபது வருஷம் அவள் திறமை தலையணை உறைகளிலும், நாத்தனார் பிள்ளைகளின் சயின்ஸ் நோட்டு இதயங்களிலும், கல்யாண வீட்டு வாசல் எழுத்துகளிலும் செலவாயிற்று. அதற்காக அவள் ஏங்கிக் கிடந்தாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. நேரம் இல்லை. மகன் கோயம்புத்தூருக்கும் மகள் மதுரை ஹாஸ்டலுக்கும் படிக்கப் போன பிறகுதான் வீட்டில் மத்தியானம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

அந்த மத்தியானத்தில் ஆயில் கலர் டியூப்கள் வந்தன. கேன்வாஸுக்குக் கடையில் இருந்தே துணி. பேண்டேஜ் துணி ஆகாது, சல்லடை. அதில் வரைந்தால் பின்னால் இருக்கிற சுவருக்குத்தான் பெயிண்ட் போய்ச் சேரும். காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வஜ்ரப் பசையும் சுண்ணாம்புப் பொடியும் பூசிக் காயவைத்தாள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் தையில்தான் மங்கையர் மன்றம் அந்த அறிவிப்பைச் செய்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்ப் பெண்களும் வரைந்த படங்களுக்குக் கண்காட்சி. எல்லாவற்றையும் மாட்ட மாட்டார்கள். நடுவர் மூன்று பேர் பார்ப்பார்கள். இரண்டு பேர் கை தூக்கினால்தான் படம் சுவர் ஏறும். மன்றத்தின் செயலாளர் அரவிந்தவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிக்காரர், வக்கீல் மனைவி, கோர்ட்டுக்குப் போகாமலே சட்டம் பேசுகிறவர். அவர் போட்ட விதிகளில் இரண்டு மட்டும் ஊரெல்லாம் பேசப்பட்டன. ஒன்று, படத்தின் முன்பக்கம் வரைந்தவர் பெயர் தெரியக் கூடாது. யார் வீட்டுப் பெண் என்று பார்த்து யாரும் கை தூக்கக் கூடாது. இரண்டு, கணவன்மார் படத்தைத் தூக்கி வரலாம், வாயைத் திறக்கக் கூடாது.

"இது என்ன நியாயம்?" என்றார் தங்கச்சாமி.

"தூக்கி வரலாம்னு சொல்லியிருக்காகள்ல. அது உங்களுக்குக் கெடச்ச மரியாதை" என்றாள் செல்லக்கனி.

என்ன வரைவது? முதலில் ஆண்டாளை வரைந்தாள். பாதி முடிந்தபோது எதிர்வீட்டில் ஓர் ஆண்டாள் தயாராவது தெரிந்தது. பின்தெருவில் இரண்டு. துணியைப் புரட்டிப் போட்டுவிட்டு மைனரைக் கூப்பிட்டாள்.

மைனரை மூன்று தரம் வரைந்தாள். மூன்றும் அழகாக வந்தன. மாம்பழப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் மாதிரி. காது சரி, கால் சரி, ரோஜா மூக்கு சரி. ஆனால் அது யாரோ வீட்டு நாய். நாலாவது தரம் வரைந்துவிட்டு, இன்றைக்கும் லேபிள்தான் என்று அலுத்துத் தூரிகையைத் துடைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கறுப்பில் நுனியைத் தொட்டு மூக்கின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

பின்னால் நகர்ந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, நீயா?" என்றாள். துணிக்குள்ளிருந்து மைனர் தன் வழக்கமான அலட்சியத்தோடு அவளைப் பார்த்தது. ஹையர் பாஸ் பண்ணியபோது கூட அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இந்தப் படம் இப்படியே, இந்தப் புள்ளியோடு, ஒரு சுவரில் ஏற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தங்கச்சாமி படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மனைவி நாயை வரைகிறாள் என்பதிலேயே அவருக்குப் பாதி உச்சி குளிர்ந்துவிட்டது. நடுவர்களில் ஒருவர் சஞ்சீவி ராஜா என்று தெரிந்ததும் மீதியும் குளிர்ந்தது. கல்யாண மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தவர் அவர். நடுவராக உட்காருங்கள் என்று மன்றம் கேட்டுவிட்டது. "மாப்பிள்ளை போட்டோ சம்பந்தி கைக்கே போகுது" என்று சொல்லிக்கொண்டு படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, டி.வி.எஸ். ஐம்பதில் வைத்துக் கட்டினார். அட்டையில் படத்தின் பெயரைச் செல்லக்கனி எழுதினாள்: 'ராஜபாளையம்'.

தேர்வு நாளன்று மண்டபம் பெண் வீட்டுக்காரர்கள் மட்டும் வந்த கல்யாணம் போல இருந்தது. கணவன்மார்களைப் பந்திக் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அரவிந்தவல்லி கதவருகே காவல் நின்றார். நாற்காலிகளில் சாய்த்து வைத்த படங்களில் பாதிக்கு மேல் ஆண்டாள். கண்ணாடி பார்க்கும் ஆண்டாள், கிளியோடு ஆண்டாள், நந்தவனத்தில் ஆண்டாள். ஓர் ஆண்டாள் கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். மாதிரிக்கு உட்கார்ந்த நாத்தனார் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாளாம்.

நடுவர்கள் மூவர். மதுரையில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஜயலக்ஷ்மி. எதற்கும் சட்டென்று பதில் சொல்லிப் பழக்கமில்லாத நம்பி என்கிற டிராயிங் வாத்தியார். மூன்றாவது சஞ்சீவி ராஜா. அவர் எல்லாப் படத்துக்கும் பொதுவாகக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். ஆண்டாள்கள் இருந்ததால் அது பொருத்தமாகவும் இருந்தது. மைனர் முன் வந்ததும் கும்பிட்ட கை இறங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். குனிந்தார்.

"பின்னங்கால் தேவலை. நெஞ்சு இறக்கம் இருக்கு. வால் வளைவு நல்லா வந்திருக்கு." பக்கத்தில் திரும்பி, "பல்லு தெரியலியே" என்றார்.

"சார், படத்துக்கு மார்க் போடுங்க, நாய்க்குப் போடாதீங்க" என்றார் ஜயலக்ஷ்மி.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்ற ராஜா இன்னும் குனிந்தார். "ஏமிட்டம்மா இதி?" என்று வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. "இது என்ன, மூக்குல பெயிண்டு தெறிச்சிருச்சா?"

பந்திக் கூடத்து வாசலில் அரவிந்தவல்லியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சாமி விதியை மறந்தார். "ஆமாங்கய்யா, தெறிச்சதுதான்! வர்ற வழியில ரோடு சரியில்ல!"

"காஞ்ச பெயிண்டு ரோட்டுல தெறிக்குமா?" என்றார் அரவிந்தவல்லி. "நீங்க உள்ள போய் உக்காருங்க."

வரைந்தவர் பெயர் தெரியக் கூடாது என்ற விதி அங்கேயே செத்தது. தங்கச்சாமி கத்தாவிட்டாலும் செத்திருக்கும். மைனரைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. எல்லோரும் செல்லக்கனியைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து தங்கச்சாமி கண்ணால் கெஞ்சினார்.

"தெறிக்கலைங்கய்யா. நான் வச்சதுதான்" என்றாள்.

"ஏம்மா வச்சே?"

"அதுக்கு இருக்குதே."

ராஜா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை, துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் பேசுகிற மாதிரி தணிந்த குரலில் பேசினார். "கீழ ஊர் பேரை எழுதியிருக்கே. இந்த ஊருக்கு வெளியூர்ல என்ன பேர் இருக்கு? ஒண்ணு மில்லு, ஒண்ணு நாயி. புள்ளி மூக்கை மாட்டி ராஜபாளையம்னு எழுதினா, பாக்கறவன் என்ன நினைப்பான்? நான் கை தூக்க மாட்டேன்."

ஜயலக்ஷ்மி உடனே கையைத் தூக்கினார். "இவ்வளவு நேரத்துல என்னை முறைச்சுப் பாத்த படம் இது ஒண்ணுதான்."

இருவரும் நம்பி வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் மண்டபத்தின் கூரையைப் பார்த்தார். அது ராஜாவின் கூரை. "புள்ளியை எடுத்தாலும் சரிதான், பேரை மாத்தினாலும் சரிதான். நாளைக் காலைல திறப்பு விழாவுக்கு முன்னால இன்னொரு தரம் பாத்துரலாம்" என்றார்.

படத்தை மறுபடியும் வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் தங்கச்சாமி ஆரம்பித்தார்.

"ஏட்டி, ஒரு பொட்டு. ஒரே ஒரு பொட்டு ரோஸ் வை. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"ஒரு வருஷமா நடையா நடந்திருக்கேன். அவுக வீட்டுச் சம்பந்தம்னா சும்மாவா? ஒரு புள்ளியால போகுதுட்டி!"

"புள்ளி மைனருக்கு இருக்கறதால போகுது. நான் வரைஞ்சதால இல்ல."

"அப்ப 'நாய்'னு மட்டும் எழுதிரு. முடிஞ்சு போச்சு. எந்த நாயோ, எவன் வீட்டு நாயோ."

"நம்ம கல்யாணப் போட்டோவுல எனக்குக் கீழ 'பொம்பளை'ன்னு எழுதினா சும்மா இருப்பீகளா?"

தங்கச்சாமி போய்க் கை கழுவினார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "அப்ப உன் புருஷன் மானம் போனாலும் பரவாயில்ல" என்றார். செல்லக்கனி குழம்பை ஊற்றினாள். அவர் மானத்தைப் பற்றி அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் பார்த்தாள். ஒரு பொட்டு ரோஸ், நொடி வேலை. ஆனால் அந்தப் பொட்டை வைத்துவிட்டால் சுவரில் ஏறப்போவது லேபிள்தான். லேபிளுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

மறுநாள் காலை தங்கச்சாமி ஆச்சரியமான சுறுசுறுப்போடு இருந்தார். அவள் குளித்து வருவதற்குள் படத்தை வேட்டியில் சுற்றி வண்டியிலும் கட்டியிருந்தார். "போவோமா?" என்று சிரித்தார். திருந்திவிட்டார் போல என்று அவள் நினைத்தாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

மண்டபத்தில் நடுவர்கள் முன்னால் வேட்டியைப் பிரித்தபோது மைனரின் மூக்கு சுத்த ரோஜாவாக இருந்தது. கொஞ்சம் மொழுக்கென்று, உப்பலாக, சாந்துப் பூச்சு மாதிரி. மூக்கின் ஓரம் ஒரு துளி வழிந்து காய்ந்திருந்தது. செல்லக்கனிக்கு வாசனையே போதுமாக இருந்தது.

நம்பி வாத்தியார் நிம்மதியாக, "அப்புறமென்ன, பிரச்சினை தீந்துச்சு" என்று கையைத் தூக்கப் போனார்.

"செத்த இருங்க சார்" என்றாள் செல்லக்கனி. முந்தானை நுனியைக் குடிதண்ணீர் டம்ளரில் நனைத்தாள். பந்திக் கூடத்து வாசலில், "வேண்டாம், வேண்டாம்" என்று ஒரு குரல் முனகியது. அவள் துடைத்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போலத்தான் துடைத்தாள். ரோஸ் கலங்கி முந்தானைக்கு வந்தது. அடியில் மிளகு, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"பேரை மாத்திக்கறேன்" என்று அரவிந்தவல்லியிடம் பேனா வாங்கி, அட்டையில் 'ராஜபாளையம்' என்பதை அடித்துவிட்டு 'எங்க வீட்டு மைனர்' என்று எழுதினாள். இடம் போதாமல் எழுத்து போர்டு எழுத்து மாதிரி வரவில்லை.

சஞ்சீவி ராஜா அவள் முந்தானை நுனியைப் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். பிறகு பந்திக் கூடத்து வாசலைப் பார்த்து, "கலாமினா வச்சீங்க?" என்று கேட்டார்.

விதியை நினைத்தோ, பயத்திலோ, தங்கச்சாமி வாயைத் திறக்கவில்லை; தலையை மட்டும் ஆட்டினார்.

"அது நிக்காதே" என்றார் ராஜா, ரொம்ப வருஷத்து அனுபவம் போல. "நாக்கு எட்டுதுல்ல."

அதைச் சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது போலிருந்தது. ஜயலக்ஷ்மி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ராஜா ஒருதரம் இருமினார், அட்டையை எடுத்துப் புதுப் பெயரைப் படித்தார், கீழே வைத்தார், கையைத் தூக்கினார். அதைப் பார்த்து நம்பி வாத்தியார் அவசரமாகத் தானும் தூக்கினார். படம் மூன்று கைகளோடு சுவர் ஏறியது.

முதல் பரிசு மம்சாபுரத்து முத்தாத்தாளுக்குப் போனது. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கும் மில் பெண்களை வரைந்திருந்தாள். அது நியாயம்தான் என்று செல்லக்கனிக்கே தோன்றியது. அந்தப் படத்தின் முன் நின்றபோது அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அவளுக்கு இரண்டாம் பரிசு, ஒரு குத்துவிளக்கு. கூட்டம் என்னவோ மைனரின் முன்தான். வந்தவர்கள் எல்லாம் மூக்கைத் தொட்டுப் பார்க்க, அரவிந்தவல்லி நாற்காலி போட்டுக் காவல் உட்கார வேண்டியதாயிற்று.

சம்பந்தம் கூடிவரவில்லை. துளசிக்குச் சிவகிரிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. அந்தச் செய்தி வந்த பிறகு தங்கச்சாமி மனைவியோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "மைனர், காப்பி ஆறிப்போச்சுன்னு உள்ள சொல்லு" என்பார். "மைனர், ஆறவச்சதே அவுகதான்னு வெளிய சொல்லு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். மைனர் இருவரையும் பார்த்துவிட்டு வெயிலில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆனால் கடைக்கு வருகிறவர்கள் விடவில்லை. "அண்ணாச்சி, படத்துல வந்த நாய் உங்க நாய்தானே?" என்று கேட்டார்கள். சத்திரப்பட்டிக்காரர் ஒருவர், பேண்டேஜ் துணி போட வந்தவர், மைனரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று வீட்டுக்கே வந்தார். கலாமின் பாட்டில் சட்டைப் பையிலிருந்து காணாமல் போயிற்று. ஒரு நாள் தெருவில் தங்கச்சாமி யாரிடமோ சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது: "வெள்ளை நாய் ஊரெல்லாம் இருக்குவே. புள்ளி வச்சது எத்தனை இருக்கு, சொல்லும் பாப்போம்?" செல்லக்கனி ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வருஷக் கண்காட்சிக்குப் பங்குனியிலேயே அரவிந்தவல்லி வந்து சொல்லிவிட்டுப் போனார். நாயும் வேண்டாம், ஆண்டாளும் வேண்டாம். இந்தத் தரம் வீட்டு மனிதர்கள்.

அதற்குப் பிறகு தங்கச்சாமி மத்தியானச் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டுப் படுக்காமல், சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் வரைகிற அறையில் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரே பக்கத்தைத்தான். செல்லக்கனி கவனிக்காதவள் போல மண்ணெண்ணெயில் தூரிகை கழுவினாள். இப்படியே ஒரு வாரம் போயிற்று.

கடைசியில் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவர்தான் கேட்டார்.

"ஏட்டி, பேச்சுக்குத்தான் கேக்கேன். என்னைய வரைஞ்சா எப்படி வரைவே?"

செல்லக்கனி நிமிர்ந்தாள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, துணியில் கோடு போடுவதற்கு முன்னால் பார்க்கிற அந்தப் பார்வையை அவர்மேல் நிதானமாக ஓட்டினாள். நெற்றி, காது, தாடை. அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். மீசையை ஒருதரம் தடவினார். அதில் பூசிய கறுப்புச் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று விரலைப் பார்த்துக்கொண்டார்.

"உள்ளபடியேவா?" என்றார்.

அவள் தூரிகைகளை டப்பாவோடு எடுத்துக்கொண்டு எழுந்து, "மொதல்ல அந்த மீசையக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.